பழைய பேனாவும் அழித்த பெயரும்

நம் மேசையின் இழுப்பறையில் ஒரு பழைய பிஸ்கோத்துத் தகரப் பெட்டி இருக்கிறது. அதனுள் பருத்தித் துணியை விரித்து, முப்பத்தொரு ஊற்றுப் பேனாக்களை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறோம். அவற்றுள் மிகப் பழையது நம் தந்தையார் பள்ளிக்குச் செல்லத் தொடங்கிய காலத்தது; மிகப் புதியது நாம் பள்ளியைவிட்டு நீங்கிய காலத்தது. வீட்டுக்கு வருவோர் இப்பெட்டியைக் கண்டதும் கேட்கும் கேள்வி ஒன்றே: "எழுதுவதற்கு ஒரு பேனா போதாதா?"

போதும். அதை நாம் மறுப்பதில்லை. எழுதுவதற்காக மட்டும் என்றால், தெருமுனைக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பந்துமுனைப் பேனாவே போதும். ஆயினும், இந்த முப்பத்தொன்றும் நம்மோடு தங்கிவிட்டமைக்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லவே இக்கட்டுரை. அதனைச் சொல்லும்போது, இந்தப் பொழுதுபோக்கில் நாம் இழைத்த ஒரு பிழையையும் சொல்லியாக வேண்டும்.

நாம் பயின்ற காலத்தில் ஐந்தாம் வகுப்பு வரை சிலேட்டும் பென்சிலுந்தாம். அதற்குப் பின்னரே கையில் மைப்பேனா வந்தது. பள்ளிக்கு எதிரே இருந்த பெட்டிக் கடையில் சிறு காசு கொடுத்தால், கடைக்காரர் மை நிரப்பியால் பேனாவை நிரப்பித் தருவார். தேர்வின் நடுவே மை தீர்ந்துபோனால் பக்கத்து இருக்கைத் தோழன் தன் பேனாவைத் திறந்து, நம் பேனாவுக்குள் சொட்டுகளை எண்ணி விடுவான். "நாலு சொட்டு பாக்கி" என்று மறுநாள் நினைவூட்டவும் செய்வான். சிந்திய மையைச் சாக்குக்கட்டியால் ஒற்றி எடுப்போம். சட்டைப் பையின் அடியில் நீலக் கறை படியாத மாணவன் ஒருவனும் இருந்ததாக நினைவில்லை. அந்தக் கறைக்குப் பின்னால் நூறாண்டுக் கால அறிவுழைப்பு ஒன்று இருந்தது என்பதை நாம் அப்போது அறிந்திருக்கவில்லை.

ஊற்று பிறந்த வரலாறு

மையைத் தொட்டுத் தொட்டு எழுதிய காலம் நெடியது. இறகை நறுக்கி எழுதினர். பின்னர் எஃகு நிப்பைக் கட்டையில் செருகி எழுதினர். சில சொற்கள் எழுதுவதற்குள் மை வற்றிவிடும். மீண்டும் கூட்டுக்குள் தொட வேண்டும். மையைப் பேனாவுக்குள்ளேயே அடைத்துவிடலாம் என்ற எண்ணம் பலருக்கும் தோன்றியதே. பாரிசில் பயின்றுகொண்டிருந்த பெத்ராக்கே பொயெனாரு என்னும் ருமேனிய மாணவர், அன்னத்தின் இறகை மைக்கலனாகக் கொண்ட பேனா ஒன்றுக்கு 1827-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசின் காப்புரிமை பெற்றார். ஆனால் அடைப்பது எளிது, அளவோடு விடுவதே கடினம் என்பதை அடுத்த அரை நூற்றாண்டு காட்டியது.

நீர் நிறைந்த குடுவையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். நீர் ஒழுங்காக வருவதில்லை; 'குளுக் குளுக்' என்று விட்டுவிட்டு வருகிறது. வெளியேறும் நீரின் இடத்தை நிரப்ப உள்ளே காற்று செல்ல வேண்டும். நீரும் காற்றும் ஒரே வாயிலில் ஒன்றையொன்று நெருக்குகின்றன. பேனாவிலும் இதுவே இடர். காற்று புகாவிட்டால் மை இறங்காது. அளவுக்கு மீறிப் புகுந்தால் மை கொட்டிவிடும்.

நியூயார்க்கில் வாழ்ந்த லூயிஸ் எட்சன் வாட்டர்மேன் 1884-இல் பெற்ற காப்புரிமை இவ்விடருக்குத் தீர்வு கண்டது. நிப்புக்கு அடியில் நாக்குப்போல் கிடக்கும் கட்டையில் ஒரு பள்ளமும், அப்பள்ளத்தின் தரையில் மயிரிழை போன்ற நுண்ணிய கீறல்களும் வெட்டினார்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, அந்த நுண்கீறல்களின் வழியே மை தானாக ஊர்ந்து நிப்பின் பிளவுக்கு வந்து சேரும். பள்ளத்தின் வழியே காற்று உள்ளே செல்லும். நிப்பு தாளைத் தொட்டால் தாள் மையை இழுத்துக்கொள்ளும்; தூக்கிவிட்டால் ஓட்டம் நின்றுவிடும். இன்றும் ஊற்றுப் பேனாக்களின் அடிப்படை இதுவே.

வாட்டர்மேனைப் பற்றி ஒரு கதை உண்டு. நம் பள்ளி ஆசிரியரும் அதைச் சொல்லியிருக்கிறார். அவர் காப்பீட்டு முகவராக இருந்தாராம். பெரிய ஒப்பந்தம் ஒன்றில் கையொப்பமிட வந்தவரிடம் தம் பேனாவைக் கொடுத்தபோது, அது மையைக் கொட்டித் தாளைப் பாழாக்கிவிட்டதாம். வேறு தாள் எடுத்து வருவதற்குள் போட்டி முகவர் ஒப்பந்தத்தைத் தட்டிச் சென்றுவிட்டாராம். அந்த வேதனையில் நல்ல பேனா ஒன்றைப் படைப்பேன் என்று சூளுரைத்தாராம். கேட்பதற்கு இனிய கதைதான். ஆனால் பழைய பேனா சேர்ப்போர் சிலர், அக்காலச் செய்தித்தாள்களையும் பதிவுகளையும் பொறுமையாகத் தேடிப் பார்த்தபோது, வாட்டர்மேன் வாழ்ந்த காலத்து ஆவணங்களில் இக்கதை கிடைக்கவில்லை. அவர் 1901-இல் இறந்த பின்னரே நிறுவனத்தின் விளம்பர ஏடுகளில் அது தலைகாட்டுகிறது. பேனா வணிகத்தைத் தொடங்கியவர் பிராங்க் ஹாலந்து என்பவர் என்றும், சில வாரங்களிலேயே அவர் விலகிவிட, வாட்டர்மேன் அதனை ஏற்று நடத்தினார் என்றும் அவர்கள் கண்டறிந்தனர். ஹாலந்தின் பெயர் மறைந்து, கதை நின்றது. பொழுதுபோக்காளர்கள் என்று உலகம் புன்னகையோடு நோக்கும் மனிதர்களே இந்த உண்மையை வெளிக்கொணர்ந்தனர் என்பது குறிக்கத்தக்கது.

மையும் பொன்னும் கற்பூர மணமும்

பழைய பேனாக்களின் நிப்பு ஏன் பொன்னால் ஆனது? செல்வச் செருக்குக்காக என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையான காரணம் மையில் இருக்கிறது. மாசிக்காயின் துவர்ப்புச் சாற்றோடு அன்னபேதியைச் சேர்த்துச் செய்த மையே பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவின் ஆவணங்களைத் தாங்கியது. எழுதும்போது வெளிறித் தெரியும் இம்மை, காற்றுப் பட்டதும் கருத்துத் தாளோடு ஒன்றிவிடும். நீர் பட்டாலும் எளிதில் அழியாது. பிறப்பு, இறப்புப் பதிவேடுகளுக்கு இதனை விரும்பியதற்குக் காரணம் இதுவே. பழைய திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்திருப்போர், பழுப்பேறிய தாளில் நிலைத்து நிற்கும் அந்தக் கரிய எழுத்துகளைக் கண்டிருப்பர். ஆனால் இம்மையில் அமிலம் உண்டு. எஃகை அது அரித்துவிடும். பொன்னை அது தொடுவதில்லை. ஆகவேதான் 14 காரட் பொன்.

பொன்னோ மென்மையானது, தாளில் உராய்ந்தால் தேய்ந்துவிடும். எனவே அதன் நுனியில் இரிடியம், ஆஸ்மியம் போன்ற கடினமான உலோகங்களின் சிறு மணியைப் பொருத்தினர். 1834 அளவில் ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் என்பவர் இதனைச் செய்து காட்டினார். கடுகினும் சிறிய அந்த மணிதான் தாளைத் தொடுகிறது. எவ்வளவு கடினமானதாயினும், ஒரே கையில் இருபது முப்பது ஆண்டுகள் எழுதினால் அதுவும் சிறிது தேயும். எழுதியவர் பேனாவைச் சாய்த்த கோணத்திலேயே தேயும். இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இதற்கு மீண்டும் வருவோம்.

பேனாவின் உடல் தொடக்கத்தில் எபோனைட்டு. ரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடேற்றினால் மரம்போல் இறுகிய கரும்பொருள் கிடைக்கும். அதனைக் கடைசல் பட்டறையில் கடைந்து பேனா செய்தனர். வெயிலும் ஈரமும் பட்டால் அதன் கருமை மங்கிப் பழுப்பாகிவிடும். 1921-இல் பார்க்கர் நிறுவனம் 'டூஃபோல்டு' என்ற பெரிய சிவப்புப் பேனாவை 7 டாலர் விலையில் வெளியிட்டபோது, கரிய பேனாக்களுக்கு நடுவே அது செம்பருத்தி மலர்போல் நின்றது. 1924-இல் ஷேஃபர் நிறுவனம் செல்லுலாய்டு பேனாவைக் கொண்டுவந்தது. அதன்பின் பச்சையும் நீலமும் முத்துநிறமும் பேனாக்களில் ஏறின. செல்லுலாய்டு செய்யக் கற்பூரம் வேண்டும். நெடுநாள் மூடிக் கிடந்த செல்லுலாய்டு பேனாவின் மூடியைக் கழற்றி முகர்ந்தால், இன்றும் மெல்லிய கற்பூர மணம் வீசும். எண்பது ஆண்டுகளுக்குமுன் பட்டறையில் இட்ட கற்பூரம்!

மை நிரப்பும் வழிகளும் காலத்துக்குக் காலம் மாறின. முதலில், நம் பெட்டிக் கடைக்காரர் செய்ததுபோல நிரப்பியால் சொட்டுச் சொட்டாக விட்டனர். அமெரிக்காவின் கான்க்ளின் நிறுவனம் பேனாவின் முதுகில் பிறை வடிவ உலோகத் தகடு ஒன்றை வைத்தது. அதனை அழுத்தினால் உள்ளிருக்கும் ரப்பர்ப் பை சுருங்கி விரிந்து மையை உறிஞ்சும். அப்பிறை இருப்பதால் பேனா மேசையிலிருந்து உருண்டு விழுவதுமில்லை. அயோவா மாநிலத்தில் நகைக்கடை வைத்திருந்த வால்ட்டர் ஷேஃபர் 1908-இல் நெம்புகோல் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1929-இல் செர்மனியின் பெலிக்கான் நிறுவனம் திருகினால் மேலும் கீழும் செல்லும் உந்துதண்டு முறையை வெளியிட்டது. ஒவ்வொரு முறையும், முந்தையதில் விரல் கறைபட்ட யாரோ ஒருவரின் சிந்தனையில் பிறந்ததே.

புள்ளிகள் பேசும் ஆண்டு

பழைய நாணயத்தில் ஆண்டு பொறித்திருக்கும். பேனாவில் அப்படி இருக்குமா? பார்க்கர் பேனாக்கள் சிலவற்றில் இருக்கும். ஆனால் சிறிது மறைபொருளாக. 1940-களின் பேனாவை உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கினால், நிறுவனத்தின் பெயருக்கருகே ஓர் எண்ணும் சில புள்ளிகளும் தெரியும். எண், ஆண்டின் கடைசி இலக்கம். புள்ளிகள், ஆண்டின் காற்பகுதி. முதல் காலாண்டில் மூன்று புள்ளிகள். ஒவ்வொரு காலாண்டு முடியவும் ஒரு புள்ளியை அச்சிலிருந்து நீக்கிவிடுவர். கடைசிக் காலாண்டில் எண் மட்டும் நிற்கும். நம் பெட்டியிலுள்ள 'பார்க்கர் 51' பேனாவில் 5 என்ற எண்ணும் இரண்டு புள்ளிகளும் உள்ளன. 1945-ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டு. அதாவது ஏப்பிரல் முதல் சூன் வரை.

அந்த மாதங்களில் உலகில் என்ன நடந்தது என்பதை வாசகர்கள் அறிவர். 1945 மே 7-ஆம் நாள் பிரான்சின் ரேம்ஸ் நகரில் செர்மானியப் படை சரணடையும் ஆவணத்தில் கையொப்பமிட்டது. பின்னர் தளபதி ஐசன்ஹோவர் இரண்டு பேனாக்களை வெற்றிக் குறியாக உயர்த்திப் பிடித்த நிழற்படம் உலகெங்கும் பரவியது. அவை 'பார்க்கர் 51' வகையின. அவ்வாண்டு செப்டம்பர் 2-இல் டோக்கியோ விரிகுடாவில் தளபதி மெக்கார்தர் பல பேனாக்களால் கையொப்பமிட்டார். அவற்றுள் ஒன்று அவர் மனைவியாரின் சிவப்பு டூஃபோல்டு. போரைப் பீரங்கிகள் நடத்தின. முடிவை மை எழுதியது. நம் கையிலுள்ள பேனா எந்த வரலாற்று நிகழ்ச்சியிலும் பங்கு கொண்டதன்று. ஒருவேளை ஏதோ ஓர் எழுத்தர் அதனால் பற்றுச்சீட்டு எழுதியிருக்கலாம். ஆயினும், அதே மாதங்களில், அதே தொழிற்சாலையில், போர் முடியுமா என்று ஏங்கிய தொழிலாளர் யாரோ அதனைப் பொருத்தியிருப்பார் என்று எண்ணும்போது, பாடநூலில் படித்த ஆண்டு கையில் எடையோடு வந்து அமர்கிறது.

நம் நாட்டுப் பேனாக்கள்

பழைய பேனா என்றால் அயல்நாட்டது என்றே பலர் கருதுகின்றனர். நம் பெட்டியில் நாம் பெரிதும் மதிப்பது கோதாவரிக் கரையிலுள்ள ராஜமகேந்திரவரத்தில் கையால் கடைந்த எபோனைட்டுப் பேனா. கே.வி. ரத்தினம் என்னும் கைவினைஞர், காந்தியடிகளின் சுதேசி அழைப்பை ஏற்று, 1930-களின் தொடக்கத்தில் அங்கே பேனா செய்யத் தொடங்கினார். அவர் செய்த பேனா ஒன்று வார்தாவிலிருந்த அடிகளிடம் சேர்ந்தது. அதனை எழுதிப் பார்த்த அடிகள், கடைத்தெருவில் காணும் அயல்நாட்டுப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்று என்னும் பொருள்பட 1935 சூலையில் நன்றிக் கடிதம் எழுதினார்.

அப்பேனாவை அடிகளிடம் கொண்டு சேர்த்தவர் யார் என்பதும் அக்கடிதத்தில் இருக்கிறது. அவர் ஜே.சி. குமரப்பா. 1892-இல் தஞ்சையில் தமிழ்க் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து, கணக்காயர் பணியைத் துறந்து, காந்தியடிகளுடன் இணைந்து, 1934-இல் தோன்றிய அனைத்திந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர். பின்னாளில் சிறையில் இருந்தபோது நிலைபேற்றுப் பொருளாதாரம் குறித்து அவர் எழுதிய நூல் 1945-இல் வெளிவந்தது. இயற்கை மீண்டும் ஈட்டித்தரக்கூடியதை மட்டும் பயன்படுத்தி, பொருளைப் பேணி வாழ்வதே நிலைத்த வாழ்வு என்பது அவர் கொள்கை. அறுபது ஆண்டுகள் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து எழுதக்கூடிய பேனாவையும், மை தீர்ந்ததும் குப்பைக்குப் போகும் பேனாவையும் ஒருசேரப் பார்க்கும்போது, அவருடைய கொள்கை நமக்கு உரை இல்லாமலே விளங்குகிறது.

மையிலும் சுதேசி எழுந்தது. 1931-இல் மும்பையில் தண்டேகர் குடும்பத்தார் குதிரை மார்க்கு மைத்தூளும் மைவில்லையும் செய்யத் தொடங்கினர். அதுவே பின்னர்க் கேம்லின் ஆயிற்று. 1934-இல் வங்கத்தில் மைத்ரா சகோதரர்கள் 'சுலேகா' மையைத் தொடங்கினர். விடுதலைக்குப்பின் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது அயல்நாட்டுப் பேனா அரிய பொருளாயிற்று. சிங்கப்பூரிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வரும் உறவினர் கொண்டுவந்தால்தான் உண்டு. தமிழ்நாட்டில் எபோனைட்டுத் தண்டைக் கடைந்து பேனா செய்யும் கைத்தொழில் இன்றும் முற்றிலும் மறையவில்லை. காலம் இன்னொரு திருப்பத்தையும் காட்டியது. ஷேஃபர் என்னும் அந்த அமெரிக்கப் பெயரை 2022-இல் பெங்களூரைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று வாங்கியது.

பெயர் என்னும் பழுது

1945 அக்டோபர் 29-இல் நியூயார்க்கின் கிம்பல்ஸ் அங்காடியில் பந்துமுனைப் பேனா 12.50 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. மக்கள் முண்டியடித்து வாங்கினர். பின்னர் விலை சரிந்து சரிந்து, ஊற்றுப் பேனா மெல்ல மேசையைவிட்டு இறங்கியது. அன்றாடப் பயன்பாட்டிலிருந்து நீங்கிய பின்னர்தான் அதனைச் சேர்ப்போர் பெருகினர். இங்கிலாந்தில் 1980-இல் எழுதுகருவி ஆர்வலர்க்கெனத் தனிக் கழகமே தோன்றியது. இன்று இணைய ஏலங்களில் பழைய பேனாக்கள் கண்டம் விட்டுக் கண்டம் செல்கின்றன.

சந்தை வந்ததும் தரவரிசையும் வந்தது. மிக உயர்ந்த விலை யாருக்கு? ஒருநாளும் மை காணாத பேனாவுக்கு! பெட்டியும் விலைச்சீட்டும் அப்படியே இருந்தால் இன்னும் சிறப்பு. எழுதிய பேனா அதற்கு அடுத்தபடி. உடலில் உரிமையாளர் தம் பெயரைப் பொறித்திருந்தால் விலை இறங்கிவிடும். புகழ்பெற்றவர் பெயரானால் ஏறும். முகமறியா மனிதரின் பெயரானால் அது பழுது. கீறலையும் வெடிப்பையும் குறிக்கும் அதே பட்டியலில் மனிதரின் பெயரையும் குறிக்கின்றனர்.

நாம் சொல்ல வேண்டிய பிழை இதுதான். 1984-ஆம் ஆண்டு. சென்னை மூர் மார்க்கெட் எரிந்து போவதற்கு ஓராண்டுக்கு முன். அங்கே பழைய கைக்கடிகாரங்களும் மூக்குக்கண்ணாடிகளும் கொட்டிக் கிடந்த தட்டொன்றில், இங்கிலாந்தில் செய்த 'பிளாக்பேர்டு' பேனா ஒன்று நமக்குக் கிட்டியது. கரிய உடல், பொன் நிப்பு, நெம்புகோல் அசையாமல் இறுகிக் கிடந்தது. உடலின் நடுவே, ஆங்கிலச் சாய்வெழுத்தில் ஒரு பெயர் பொறித்திருந்தது. கீழே 1938 என்ற ஆண்டு. பள்ளி இறுதித் தேர்வில் வென்றமைக்கோ, பணியில் சேர்ந்தமைக்கோ, திருமணத்துக்கோ யாரோ அன்பளிப்பாகக் கொடுத்திருக்க வேண்டும்.

அந்நாளில் நமக்கு அப்பொழுதுபோக்கு புதிது. பழையதைப் புதிதாக்குவதே திறமை என்று எண்ணியிருந்தோம். பழுதுபார்ப்பவர் ஒருவர், "பேரைத் தேய்ச்சு எடுத்துட்டா புதுசு மாதிரி ஆயிடும் சார்" என்றார். நாமும் இசைந்தோம். நுண்ணிய உப்புத்தாளும் மெருகுப் பொடியும் கொண்டு அரை மணி நேரத்தில் அவர் அதனைச் செய்து முடித்தார். பேனா பளபளத்தது. நாம் மகிழ்ந்தோம்.

சில மாதங்கள் கழித்து, வீட்டுக்கு வந்த முதிய நண்பர் ஒருவர் அதனைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது யாருடையதாம்?" என்று இயல்பாகக் கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தோம், வரவில்லை. பெயரை நாம் எங்கும் குறித்து வைத்திருக்கவில்லை. முதலெழுத்து மட்டும் மங்கலாக நினைவில் நின்றது. அதுவும் இன்று உறுதியில்லை. நாற்பத்தாறு ஆண்டுகள் ஒரு மனிதரைப் பற்றி அப்பேனா சுமந்து வந்த சாட்சியம், நம் கைக்கு வந்த பின்னர் அரை மணி நேரத்தில் முடிந்துபோயிற்று. அது அவருடைய கடைசிச் சுவடாகவும் இருந்திருக்கலாம்.

நண்பர் பேனாவால் எழுதிப் பார்த்தார். கீறியது. "எனக்குச் சரிவரவில்லை" என்று திருப்பித் தந்தார். நாம் உருப்பெருக்கியை வைத்து நிப்பின் மணியைப் பார்த்தோம். அது ஒருபுறமாகச் சாய்வாகத் தேய்ந்திருந்தது. பேனாவை இடக்கையில் பிடித்து, அதற்கேற்பச் சாய்த்து எழுதிப் பார்த்தபோது, வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆகவே அதன் உரிமையாளர் இடக்கையால் எழுதியவராக இருக்க வேண்டும். இடக்கையால் எழுதும் பிள்ளைகளின் விரல்களில் பிரம்பால் அடித்து வலக்கைக்கு மாற்றிய காலம் அது. அவர் மாறவில்லை. பல்லாண்டுகள் தம் கையாலேயே எழுதியிருக்கிறார்.

பெயரை அழித்துவிட்டோம், கையை அழிக்க முடியவில்லை. ஆனால் பெயர் இருந்திருந்தால், அந்தக் கைக்கு உரியவரைத் தேட ஒரு வழியாவது இருந்திருக்கும். ஒரு குடும்பம் எங்கோ தன் பாட்டனாரின் பேனாவைப் பற்றி இன்றும் பேசிக்கொண்டிருக்கலாம். அது நம் இழுப்பறையில் கிடக்கிறது என்பதை அவர்கள் அறியமாட்டார்கள். அறிவிப்பதற்கு நம்மிடமும் ஏதுமில்லை.

பேணுதல் என்னும் பொறுப்பு

அதன்பின் நம் பழக்கம் மாறியது. தகரப் பெட்டியோடு ஒரு குறிப்பேடும் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பேனாவும் எங்கே, எப்போது, எவ்விலைக்குக் கிடைத்தது. உடலில் என்ன பொறித்திருக்கிறது. நிப்பு எப்பக்கம் தேய்ந்திருக்கிறது. எந்தப் பகுதியை நாம் மாற்றினோம் என்பவற்றையெல்லாம் அதில் எழுதுகிறோம். பெயர் பொறித்த பேனாவை இப்போது தேடியே வாங்குகிறோம். விலை குறைவு என்பது உண்மைதான், காரணம் அதுவன்று.

வீட்டில் முன்னோரின் பேனா வைத்திருக்கும் வாசகர்களுக்குச் சில சொற்கள் சொல்வது பயன்படும். உலர்ந்துபோன மையைச் சாதாரணத் தண்ணீரால் பொறுமையாகக் கழுவுங்கள். ஓர் இரவு ஆனாலும் ஆகட்டும். வெந்நீரும் சாராயமும் உதவா. செல்லுலாய்டும் எபோனைட்டும் அவற்றால் கெடும். எபோனைட்டு உடலை நீரில் ஊறவைத்தால் கருமை போய்விடும். நிப்புப் பகுதியை மட்டும் நனையுங்கள். செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றும்; அடுப்புக்கும் விளக்குக்கும் எட்ட வையுங்கள். இறுகிய நெம்புகோலை வலிந்து தூக்காதீர்கள்; உள்ளே ரப்பர்ப் பை கல்லாக உறைந்திருக்கும். புதிய பையை அரக்கால் ஒட்டித் தரத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கின்றனர். எல்லாவற்றுக்கும் மேலாக, அதனால் எழுதுங்கள். மை ஓடிக்கொண்டிருக்கும் பேனா எளிதில் அடைத்துக்கொள்வதில்லை.

"எழுத ஒரு பேனா போதாதா?" என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். எழுத ஒன்று போதும். இவை எழுதுவதற்கென்று மட்டும் நம்மிடம் இல்லை. யாரோ எழுதியவற்றின் எஞ்சிய பாதியாக இருக்கின்றன. அவர்கள் எழுதிய கடிதங்களும் கணக்குகளும் எங்கோ மக்கிப் போயின. எழுதிய கருவி மட்டும் நம்மிடம் தங்கியிருக்கிறது. இதற்கு நாம் உரிமையாளர் என்று சொல்வதைவிட, இடையில் வைத்திருப்பவர் என்று சொல்வதே பொருந்தும். நமக்குப் பின்னும் யாரோ வைத்திருப்பர். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு விடை இருக்கும்படி ஒப்படைப்பதே நம் கடமை.

அந்தப் பிளாக்பேர்டு பேனாவை விற்கவில்லை. விலைக்குக் கேட்டோர் உண்டு. இன்று அது புதியதுபோல் இருக்கிறது அல்லவா? குறிப்பேட்டில் அதற்கென ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். 'கிடைத்த இடம்: மூர் மார்க்கெட், 1984. பொறிப்பு: ஒரு பெயர், 1938. நம்மால் அழிக்கப்பட்டது. உரிமையாளர் இடக்கையர்.' இந்த வரிகளை அதே பேனாவால்தான் எழுதினோம். நமக்குப் பழக்கமில்லாத இடக்கையால் எழுதினோம். எழுத்து கோணலாகத்தான் வந்தது. ஆனால் நிப்பு ஓரிடத்தும் கீறவில்லை.